ஆவியாகும் கடல்நீர் மின்சாரம் தருமா?

கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது ஏன்? இந்தக் கேள்விக்கு உங்களில் பெரும்பாலோருக்கு விடை தெரியும். பானையின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிந்து வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே உள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பானை குளிர்கிறது. தேர்வில் இவ்வளவு எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் வினாத்தாளில் இடம்பெறாத இன்னொரு கேள்வி இருக்கிறது. கசியும் அந்த நீர், நுண்துளைகளினூடே நகரும்போது வேறு ஏதேனும் செய்கிறதா? செய்கிறது. துளையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே மிகச் சிறியதொரு மின்னழுத்த வேறுபாட்டை அது உண்டாக்குகிறது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பானை, நமக்குத் தெரியாமலேயே மின்சாரத்தோடு விளையாடிக்கொண்டிருக்கிறது!

இந்தச் சிறு விளைவைப் பெரிதாக்க முடியுமா? கடல்நீரைச் சும்மா ஆவியாக விட்டே அதிலிருந்து மின்சாரம் பெற முடியுமா? உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்று இந்த முயற்சி நடந்து வருகிறது. அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எவ்வளவு வெப்பம்!

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோகிராம் நீரை முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. இதற்கு ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பெயர். 24 லட்சம் ஜூல் என்றால் எவ்வளவு என்று மனத்தில் பதிய வேண்டுமானால் ஒரு அணைக்கட்டை எண்ணிப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோகிராம் நீர் கொடுக்கும் ஆற்றல் சுமார் 1000 ஜூல்தான். அதே ஒரு கிலோகிராம் நீர், உப்பளப் பாத்தியில் சத்தமே இல்லாமல் ஆவியாகிப் போகும்போது அதைப் போல் 2400 மடங்கு வெப்பத்தைச் சுமந்து செல்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் சென்றவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் தேங்கி நிற்கும். வெயிலும் காற்றும் அதை நாள் முழுதும் வற்றவைத்துக் கொண்டிருக்கும். அங்கே நடக்கும் வேலைக்கு எந்த எண்ணெயும் எரிவதில்லை; எந்த எந்திரமும் ஓடுவதில்லை. புவியின் தரையும் கடலும் சூரியனிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, இவ்வாறு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. இவ்வளவு பெரிய செல்வத்தில் ஒரு துளியையாவது மின்சாரமாகப் பெறலாகாதா என்று விஞ்ஞானிகளுக்கு ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. கணக்கைக் கட்டுரையின் பிற்பகுதியில் போடுவோம். முதலில், நீர் நகர்ந்தால் மின்னழுத்தம் எப்படித் தோன்றுகிறது என்று பார்ப்போம்.

இருநூறு ஆண்டுப் பழைய செய்தி

1809-ஆம் ஆண்டு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ராய்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையை வெளியிட்டார். ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகி, இரண்டிலும் நீர் ஊற்றி, ஒரு மின்கல அடுக்கின் இரு முனைகளை அவற்றில் இணைத்தார். என்ன ஆயிற்று? எதிர்மின்வாய் இருந்த குழாயில் நீர்மட்டம் உயர்ந்தது. அதாவது, மின்சாரம் களிமண்ணின் நுண்துளைகள் வழியே நீரை நகர்த்தியது.

மின்சாரம் நீரை நகர்த்துமானால், நகரும் நீர் மின்சாரத்தைத் தர வேண்டும் அல்லவா? 1859-இல் ஜெர்மானிய விஞ்ஞானி குவிங்கே அதைக் கண்டுபிடித்தார். நுண்துளைப் பொருளால் ஆன ஓர் அடைப்பின் ஊடே அவர் அழுத்தம் கொடுத்து நீரைச் செலுத்தினார். அடைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றியது. இதனை ஓட்ட மின்னழுத்தம் என்று அழைக்கலாம். இதற்கான விளக்கத்தை 1879-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணித முறையில் அளித்தார்.

விளக்கம் கடினமானது அன்று. களிமண், கண்ணாடி, பக்குவப்படுத்திய கரி போன்ற பல பொருள்கள் நீரில் நனைந்தவுடன் அவற்றின் பரப்பில் எதிர் மின்னூட்டம் தோன்றுகிறது. நீரில் எப்போதும் சில நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் உண்டு. எதிர் மின்னூட்டம் பெற்ற துளைச் சுவர் நேர் அயனிகளைத் தன்பால் இழுக்கிறது; எதிர் அயனிகளை விலக்குகிறது. ஆகவே சுவரை ஒட்டி நேர் அயனிகள் மிகுந்த ஒரு மெல்லிய நீர்ப்படலம் அமைகிறது. சுவரில் எதிர் மின்னூட்டம், அதை ஒட்டிய நீரில் நேர் மின்னூட்டம் - இந்த ஏற்பாட்டிற்கு மின் இரட்டைப்படலம் என்று பெயர்.

நீர் அசையாமல் இருக்கும்வரை ஒன்றும் நிகழ்வதில்லை. நீர் ஓடத் தொடங்கியதும், சுவரின் மின்னூட்டம் சுவரிலேயே நின்றுவிடுகிறது. படலத்தில் உள்ள நேர் அயனிகள் நீரோடு அடித்துச் செல்லப்படுகின்றன. ஓட்டம் போய்ச் சேரும் முனையில் நேர் மின்னூட்டம் மிகுகிறது. புறப்பட்ட முனையில் எதிர் மின்னூட்டம் மிகுகிறது. இரு முனைகளிலும் மின்வாய்களைப் பொருத்தி அளந்தால் வோல்ட்மானி அசைகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். துளை அகலமாக இருந்தால், நடுவில் ஓடும் நீர் முழுவதும் மின்னூட்டமற்ற சாதாரண நீரே. சுவரை ஒட்டிய படலம் மட்டுமே வேலை செய்கிறது. துளை குறுகக் குறுக, ஓடும் நீரில் படலத்தின் பங்கு மிகுகிறது. நுண்துளைப் பொருள்களை விஞ்ஞானிகள் நாடுவதற்கு இது ஒரு காரணம்.

பம்பு எங்கே?

குவிங்கே நீரைத் தள்ளுவதற்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பம்பை ஓட்டி நீரைத் தள்ளி, அதிலிருந்து சிறிதளவு மின்சாரம் எடுப்பதில் பயன் என்ன? பம்பு தின்னும் மின்சாரம் அதைவிட மிக அதிகம். ஆகவே ஓட்ட மின்னழுத்தம் நெடுங்காலம் ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்து வந்தது.

செலவில்லாத பம்பு ஒன்று நம் கண் எதிரே இருக்கிறது. மரத்தைப் பாருங்கள். வேரிலிருந்து உச்சிக் கிளையின் இலைவரை நீர் ஏறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள செம்மரங்கள் சில 110 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. அங்கே எந்த மோட்டாரும் ஓடவில்லை. இலைகளில் நீர் ஆவியாகிறது. ஆவியான நீரின் இடத்தை நிரப்ப, நுண்புழைகள் வழியே கீழிருந்து நீர் இழுக்கப்படுகிறது.

நுண்புழை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வலிமையாக நீரை மேலே இழுக்கும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் அதில் நூறில் ஒரு பங்கானால் 3 மீட்டர் ஏறும். ஆயிரத்தில் ஒரு பங்கானால் 30 மீட்டர் ஏறும். 30 மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்று வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம்.

ஆனால் நுண்புழை ஏற்றம் மட்டும் போதாது. விளக்குத் திரியை எண்ணெயில் இட்டால், எண்ணெய் ஏறித் திரி நனைந்ததும் ஏற்றம் நின்றுவிடுகிறது. திரி எரியும்போதுதான் மீண்டும் மீண்டும் எண்ணெய் ஏறுகிறது. அதுபோலவே, நுண்துளைத் தகட்டின் மேல்முனையில் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால்தான் கீழிருந்து நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் இருக்கும்வரை மின்னழுத்தமும் இருக்கும். ஆவியாதலை நிறுத்தினால் ஓட்டம் நிற்கும். மின்னழுத்தமும் இறங்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு மிகவும் பயன்படப் போகிறது.

கரித் தகட்டில் ஒரு வோல்ட்

நீரோட்டமும் கரியும் சேர்ந்து மின்னழுத்தம் தரும் என்பதில் நம் நாட்டு ஆய்வுக்கும் ஒரு முக்கிய இடம் உண்டு. 2003-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அஜய் சூட் அவர்களும் அவருடைய சக ஆய்வாளர்களும், கார்பன் நானோகுழல்களின் மீது திரவம் பாயும்போது மின்னழுத்தம் தோன்றுவதை அளந்து வெளியிட்டனர். அதைக் கொண்டு திரவ ஓட்டத்தை அளக்கும் உணர்கருவி செய்யலாம் என்றும் காட்டினர்.

2017-இல் சீனாவின் வூஹான் நகரில் உள்ள ஹுவாஜோங் பல்கலைக்கழகத்தில் ஜுன் சோவ் என்பவரின் குழுவும், நான்ஜிங்கில் வான்லின் குவோ என்பவரின் குழுவும் சேர்ந்து ஒரு சோதனையை அறிவித்தன. அவர்கள் பயன்படுத்திய முக்கியப் பொருள் புகைக்கரி. நம் பாட்டிமார் காலத்தில் மை செய்ய விளக்குச் சுடரின் மேல் பிடித்து எடுத்தார்களே, அதே வகைக் கரிதான். புகைக்கரியின் துகள்கள் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. அவை ஒன்றோடொன்று ஒட்டி அமைந்த படலத்தில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கும்.

சில சென்டிமீட்டர் அளவுள்ள கரிப்படலத்தின் கீழ்முனையை நீரில் அமிழ்த்தி, மேல்முனையைக் காற்றில் விட்டார்கள். நீர் படலத்தினூடே ஏறி ஆவியாகிக்கொண்டே இருந்தது. மேல் மின்வாய்க்கும் கீழ் மின்வாய்க்கும் இடையே 1 வோல்ட் வரை மின்னழுத்தம் தொடர்ந்து கிடைத்தது! அடுப்பு இல்லை, பம்பு இல்லை, வெயிலில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அறைக் காற்றே போதுமானதாக இருந்தது. நீரிலிருந்து இவ்வாறு மின்சாரம் பெறும் வழிகள் அனைத்திற்கும் சேர்த்து 2018-இல் ஹைட்ரோவோல்டாயிக் நுட்பம் என்று பெயர் வைத்தார்கள். சூரிய ஒளி மின்கலத்திற்கு போட்டோவோல்டாயிக் என்று பெயர் இருப்பது போல இது.

1 வோல்ட் என்றதும் டார்ச் விளக்கு ஞாபகம் வருகிறதா? பொறுங்கள். மின்னழுத்தம் மட்டும் போதாது, மின்னோட்டமும் வேண்டும். நுண்துளைகளின் வழியே அயனிகள் செல்வது மிகக் கடினம். ஆகவே இந்தக் கலத்தின் உள்மின்தடை மிகப் பெரியது. 1 வோல்ட் தரும் ஒரு கலம் 1 மைக்ரோஆம்பியர் தருவதாக வைத்துக்கொண்டாலும் அதன் திறன் ஒரு மைக்ரோவாட்தான். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரிக்க இத்தகைய கலங்கள் 90 லட்சம் வேண்டும்!

அதுமட்டுமன்று. கலத்துக்குள் நகர்வது அயனி. வெளியே கம்பியில் நகர்வது எலக்ட்ரான். இவ்விரண்டும் மின்வாயில் எப்படிக் கைமாறுகின்றன, கிடைக்கும் மின்சாரத்தில் ஆவியாதலின் பங்கு எவ்வளவு, வேறு காரணங்களின் பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் முழு உடன்பாடு ஏற்படவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஏமாந்த கதை

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் மூவர் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு இப்பொருளைத் தேர்ந்தெடுத்தனர். மையொற்றுத் தாளில் இந்தியன் இங்க் எனப்படும் கறுப்பு மையைப் பூசி உலர்த்தினார்கள். அந்த மையில் உள்ளதும் புகைக்கரியே. தாளின் மேல்முனையில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். கீழ்முனையில் அலுமினியத் தகட்டை மடித்துப் பொருத்தி, அதை உப்புநீரில் நிறுத்தினார்கள். மல்டிமீட்டரை இணைத்ததும் அரை வோல்ட் காட்டியது. ஆய்வகமே ஆரவாரித்தது. நானும் கைதட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்களில் அதிகம் பேசாத ஒருவர் மட்டும், "சார், இதை மூடிப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார். ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்து எல்லாவற்றின் மேலும் கவிழ்த்தோம். உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் ஆவியாதல் நின்றுபோகும். மின்னழுத்தமும் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஜாடியின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்பின. மல்டிமீட்டரோ அதே அரை வோல்ட்டில் நின்றது.

ஏன் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். செம்பு, அலுமினியம் என்ற இரு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். இது வோல்ட்டா 1800-இல் செய்த மின்கலம் அன்றோ! அலுமினியம் சிறிது சிறிதாக அரிக்கப்படுவதால் வந்த மின்சாரத்தை ஆவியாதலின் மின்சாரம் என்று நினைத்து ஏமாந்திருந்தோம். இரு முனைகளிலும் பென்சில் கரிக்குச்சிகளையே மின்வாயாக வைத்து மறுபடி அளந்தோம். எஞ்சியது சில மில்லிவோல்ட்தான். அதுவும் நிலையாக நிற்கவில்லை.

கண்காட்சிக்கு இரண்டே நாள்கள் இருந்தன. விளம்பரப் பலகையும் எழுதி முடித்தாகிவிட்டது. "யாருக்கும் தெரியப் போவதில்லை" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஜாடியைக் கவிழ்க்கச் சொன்ன மாணவர் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் புதிய தலைப்பை எழுதினார்: "இது ஏன் ஆவியாதல் மின்சாரம் இல்லை?" பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஜாடியைக் கவிழ்த்தும் எடுத்தும் காட்டி அவர்கள் விளக்கியதை வந்தவர்கள் சூழ்ந்து நின்று கேட்டார்கள். அந்த மூன்று பேரும் அன்று கற்றுக்கொண்ட இயற்பியலை எந்தப் பாடநூலும் அவர்களுக்குத் தந்திராது.

கடல்நீர் செய்யும் இரண்டு குறும்புகள்

தூய நீரில் 1 வோல்ட் வருகிறது. அப்படியானால் உப்புநீரில் ஏன் சில மில்லிவோல்ட் மட்டும் வந்தது? கடல்நீரில் அயனிகள் ஏராளம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அயனிகள் மிகுந்தால் மின்சாரமும் மிக வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு.

முதல் குறும்பு இது. சுவரின் எதிர் மின்னூட்டத்தை ஈடுசெய்ய நேர் அயனிகள் சூழ்ந்துகொள்கின்றன என்று பார்த்தோம். நீரில் அயனிகள் குறைவாக இருந்தால், ஈடுசெய்வதற்கு வேண்டிய அயனிகள் சுவரிலிருந்து சற்றுத் தொலைவுவரை பரவி நிற்கும். ஒரு லிட்டரில் மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே சாதாரண உப்பு கரைந்திருந்தால் அந்தப் படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடல்நீரில் அயனிகள் நெருக்கியடித்து இருப்பதால், சுவருக்கு மிக அருகிலேயே ஈடுசெய்யும் வேலை முடிந்துவிடுகிறது. படலத்தின் தடிமன் அரை நானோமீட்டருக்கும் குறைவு. அதாவது, ஏறக்குறைய ஒரு நீர் மூலக்கூறின் அளவு. சுவரை இவ்வளவு ஒட்டி நிற்கும் நீர் அநேகமாக அசைவதே இல்லை. அசையாத நீரிலுள்ள அயனிகளை யார் அடித்துச் செல்வது?

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. ஓட்டத்தால் மேல்முனைக்குச் சென்ற மின்னூட்டம், நீரின் வழியாகவே கீழே திரும்பிக் கசிய முயல்கிறது. கடல்நீரின் மின்கடத்தும் திறன் சாதாரணக் குடிநீரைப் போல் சுமார் 100 மடங்கு. ஆகவே கசிவும் அத்தனை மடங்கு மிகுகிறது. ஓட்டையுள்ள குடத்தில் நீர் நிரப்புவது போன்ற நிலை. ஒரு நுண்துளைப் பொருள் குடிநீரில் 100 மில்லிவோல்ட் தருமானால், அதே அழுத்தத்தில் கடல்நீரில் ஒரு மில்லிவோல்ட் அளவே எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது குறும்பைப் புரிந்துகொள்ள மீண்டும் உப்பளத்திற்குச் செல்ல வேண்டும். கடல்நீர் வற்றும்போது எல்லா உப்புகளும் ஒரே சமயத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. நீர் மேலும் வற்றிய பின்னரே சோற்றுப்பு படிகிறது. மெக்னீசிய உப்புகள் கடைசிக் கசப்புநீரில் தங்கிவிடுகின்றன. உப்பள வேலையில் பழகியவர்கள் நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு உரிய நேரத்தில் மாற்றி, ஜிப்சத்தையும் கசப்புநீரையும் உப்போடு சேராதபடி விலக்குகிறார்கள்.

நுண்துளைத் தகட்டில் அப்படிப் பாத்தி மாற்ற ஆளில்லை. நீர் மட்டும் ஆவியாகிப் போகிறது. உப்பு முழுவதும் துளைக்குள்ளேயே தங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மேல்முனையில் வெண்மையான உப்புப் பொருக்குக் கட்டிவிடும். துளை அடைபட்டால் நீர் ஏறாது. நீர் ஏறாவிட்டால் மின்னழுத்தமும் இல்லை.

இவற்றை வெல்லப் பல வழிகளில் முயல்கிறார்கள். துளைகளைச் சில நானோமீட்டர் அளவுக்கே குறுக்குவது ஒரு வழி. சுவரில் அதிக மின்னூட்டம் தங்கும்படி பொருளைப் பக்குவப்படுத்துவது இன்னொரு வழி. உப்பு நடுவில் படியாமல் விளிம்பில் மட்டும் படிந்து உதிரும்படி தகட்டின் வடிவத்தை அமைப்பதும் உண்டு. வெயில் தணிந்த இரவில் ஆவியாதல் குறைகிறது. அப்போது மேலே தங்கிய உப்பு மெல்லக் கரைந்து கடலுக்கே இறங்கிவிடும்படி அகன்ற துளைகளை இடையிடையே வைத்தும் பார்க்கிறார்கள். ஆவியாகும் முனையில் உப்புச்செறிவு மிகுதி, கீழ்முனையில் குறைவு என்ற வேறுபாட்டையே பயன்படுத்தி மின்னழுத்தம் பெறுவதும் சாத்தியம். தொல்லை கொடுக்கும் உப்பையே வேலைக்காரனாக்கும் தந்திரம் இது!

எவ்வளவுதான் எடுக்கலாம்?

இப்போது முன்பு சொன்ன கணக்குக்கு வருவோம். 24 லட்சம் ஜூல் முழுவதையும் மின்சாரமாக்க முடியுமா? எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளராக இருந்தாலும் முடியாது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி நீராவியோடு போயே தீரும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பயன்படு ஆற்றல் அமையும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம் என்று கொள்வோம். வெப்ப இயக்கவியல் விதிகளின்படி, 30 டிகிரியில் ஒரு கிலோகிராம் கடல்நீரிலிருந்து அதிகபட்சம் கிடைக்கக்கூடியது சுமார் 94,000 ஜூல். உள்ளுறை வெப்பத்தில் இது ஏறக்குறைய 4 சதவீதமே. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் இந்த எல்லை சுமார் 28,000 ஜூலாகக் குறைந்துவிடும்.

ஏமாற்றமாக இருக்கிறதா? அணைக்கட்டை மறக்க வேண்டாம். 100 மீட்டர் விழும் நீர் தருவது 1000 ஜூல்தான். அதைப் பார்க்கையில் 28,000 என்பதும் பெரிய தொகையே.

ஆனால் சூரிய ஒளித் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 கிலோகிராம் நீர் ஆவியாவதாகக் கொண்டால், 50 சதவீத ஈரப்பதத்தில் உச்ச எல்லை 4,70,000 ஜூல். 24 மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் சுமார் 5 வாட். நம் நாட்டு வெயிலில் அதே பரப்புள்ள நல்ல சூரிய ஒளித் தகடு இருபத்து நான்கு மணி நேர சராசரியாக 40 வாட் அளவுக்குத் தருகிறது. அதுவும் இன்று கையில் இருக்கும் தகடு; கணக்கில் மட்டும் உள்ள எல்லையன்று.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி வீணா? இல்லை. ஆவியாதல் இரவிலும் நடக்கும்; மேகமூட்டத்திலும் நடக்கும். பரப்புக்கும் பஞ்சமில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு கணக்கிட்டனர். அந்நாட்டின் ஏரிகள், நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றின் ஆவியாதலிலிருந்து 325 கிகாவாட் வரை பெற இடமுண்டு என்றது அக்கணக்கு. அவர்கள் எண்ணியது வேறு வகை எந்திரம். ஈரத்தில் விரிந்து உலர்வில் சுருங்கும் பாக்டீரிய வித்துகளைக் கொண்டு இயங்குவது. எந்திரம் வேறானாலும் ஆற்றலின் ஊற்று ஒன்றே.

கடல்நீரைப் பொறுத்தவரை அருகில் தெரியும் பயன் வேறு. வெயிலைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீர் பெறும் கருவிகள் உருவாகி வருகின்றன. அங்கே ஆவியாதல் எப்படியும் நடக்கத்தான் போகிறது. நீர் ஏறும் நுண்துளைத் தகடு சிறிதளவு மின்சாரமும் தந்தால் அது உபரி வரவு. நீரின் உப்புத்தன்மையையும் காற்றின் ஈரத்தையும் அளந்து சொல்லும் சிறு உணர்கருவிகள் மைக்ரோவாட்டுகளிலேயே இயங்கக்கூடியவை. அவற்றுக்கு மின்கலம் மாற்றும் வேலை மிச்சமாகும். வீட்டு விளக்கு எரிய இன்னும் நெடுந்தொலைவு போக வேண்டும்.

மாணவர்களே, "கடல்நீரில் மின்சாரம்" என்று இனி எங்கேனும் செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூடினால் மின்னழுத்தம் இறங்குகிறதா? இரண்டு மின்வாய்களும் ஒரே பொருளா? எத்தனை வோல்ட் என்பதோடு எத்தனை ஆம்பியர் என்றும் சொல்லியிருக்கிறார்களா? இந்த மூன்றுக்கும் நேரான விடை தரும் கருவியை உங்களில் ஒருவர் ஒருநாள் செய்யக்கூடும். அதுவரை, தாழ்வாரத்துப் பானையைக் கடந்து செல்லும்போது அதன் ஈரச் சுவரை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மாஸ்கோவில் ராய்ஸ் வைத்திருந்ததும் களிமண்தான்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் 200 மில்லிலிட்டர் குடிநீர் ஊற்றுங்கள். மற்ற இரண்டிலும் 200 மில்லிலிட்டர் நீரில் 7 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல், உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். ஒவ்வொன்றின் வாயையும் அட்டையால் மூடி, நடுவில் துளையிட்டு, தடித்த பருத்தித் திரி ஒன்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி செருகுங்கள். உப்புநீர் டம்ளர்களில் ஒன்றின் மேல் பெரிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். எது விரைவாகக் குறைகிறது? எந்தத் திரியில், எந்த இடத்தில் உப்புப் பொருக்குத் தோன்றுகிறது? பொருக்குக் கட்டிய பின் நீர்மட்டம் குறையும் வேகம் மாறுகிறதா? ஒரு வாரம் கழித்து உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். கடல்நீர் ஆய்வாளர்களின் தலைவலி என்ன என்பது அதில் எழுதியிருக்கும்.